மனைவியின் ஸ்பொன்சர் 31 மாதமாகப் ‘பாதுகாப்பு ஆய்வில்’ நிற்கிறது: நீதிமன்றம் போகலாமா?

வடலி_79 | 6 ஒக்டோபர் 2024

வணக்கம். இதை எழுதுவோமா விடுவோமா என்று மூன்று கிழமை யோசித்தேன். இனியும் யோசிக்க முடியவில்லை.

நான் ஸ்காபரோவில் இருக்கிறேன், கனடியக் குடியுரிமை இருக்கிறது. 2022 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் கல்யாணம், மார்ச்சில் ஸ்பொன்சர் விண்ணப்பம். ஸ்பொன்சர் செய்ய எனக்குத் தகுதி உண்டு என்ற கடிதம் இரண்டு மாதத்தில் வந்தது. மனைவிக்குக் கைரேகை, மெடிக்கல் எல்லாம் அந்த வருடமே முடிந்தது. டிசெம்பரில் மகள் பிறந்தாள். தகப்பன் குடியுரிமை உள்ளவன் என்பதால் பிள்ளைக்குக் குடியுரிமைச் சான்று வந்து, பாஸ்போர்ட்டும் எடுத்தாயிற்று. பிள்ளை நாளைக்கே இங்கே வரலாம். தாய் வர முடியாது.

2023 மே மாதம் ஒரு கடிதம் வந்தது. 2006 முதல் 2010 வரை மனைவி எங்கெங்கே இருந்தார், மாதம் மாதமாக எழுதித் தரவும் என்று. அவள் கிளிநொச்சிப் பிள்ளை, 2009-ல் 16 வயது. கொப்பித் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்பினாள். ‘ஜனவரி, விசுவமடு, தரப்பாள் கொட்டில். பெப்ரவரி, சுதந்திரபுரம், பிறகு இரணைப்பாலை. மார்ச், மாத்தளன், பங்கருக்குள். ஏப்ரல் 20, நீரேரியைக் கடந்தோம். பிறகு மெனிக் பாம் முகாம்.’ இரவிரவாக நான்தான் அதை ஆங்கிலத்தில் படிவத்தில் ஏற்றினேன். ஒவ்வொரு வரியிலும் வீட்டு இலக்கம், தெருப் பெயர், அஞ்சல் குறியீடு என்று மூன்று கட்டம். தரப்பாள் கொட்டிலுக்கு என்ன இலக்கம் போடுவது? எல்லாவற்றிலும் ‘இல்லை’ என்று அடித்தேன்.

அதோடு சரி, 16 மாதமாக ஒன்றும் இல்லை. இணையப் படிவத்தில் 11 தரம் கேட்டேன். 11 தரமும் ஒரே பதில், பாதுகாப்பு ஆய்வு தொடர்கிறது.

வழக்குப் போடலாம் என்று வேலையிடத்தில் ஒருவர் சொன்னார். போட்டவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? எவ்வளவு காசு? கோபத்தில் விண்ணப்பத்தையே நிராகரித்துவிட மாட்டார்களா?

---

மார்க்கம்_அக்கா | 6 ஒக்டோபர் 2024

தம்பி, வாசிக்கவே மனம் கனக்கிறது. எங்கள் அண்ணரின் மகனுக்கும் 26 மாதம் எடுத்தது. வழக்கு ஒன்றும் போடவில்லை, தானாக வந்தது. அவசரப்பட வேண்டாம்.

முதலில் உங்கள் தொகுதி எம்.பி. அலுவலகத்துக்குப் போங்கள். காசில்லை. மனைவி கையெழுத்து வைத்த ஒப்புதல் படிவம் வேண்டும், மற்றதை அவர்கள் பார்ப்பார்கள். நீதிமன்றம் என்றாலே எனக்குப் பயம். அவர்களோடு மோதி நாங்கள் வெல்லவா போகிறோம்?

---

வெண்பனி | 7 ஒக்டோபர் 2024

நான் போட்டேன். 2021-ல், என் கணவருக்காக. அவர் வவுனியா. 38 மாதம் காத்திருந்துவிட்டுத்தான் போட்டேன்.

அக்கா சொல்கிற அதே பயம் எனக்கும் இருந்தது, அதனால்தான் ஒரு வருடம் வீணாகப் போனது. எம்.பி. அலுவலகத்துக்கு நாலு தரம் போனேன். நல்ல மனிதர்கள்தான், ஆனால் அவர்களுக்கும் அதே வரிதான் பதிலாக வரும். கோப்பை நகர்த்தச் சொல்ல அவர்களுக்கு அதிகாரம் இல்லை, கேட்கத்தான் முடியும். நீதிமன்றம் நகர்த்தச் சொல்லலாம்.

சட்டத்தரணிக்கு 4,200 டொலர் கொடுத்தேன். நீதிமன்றக் கட்டணம் வெறும் 50 டொலர். சத்தியக்கடதாசி எழுத இரண்டு நாள் எடுத்தது. எந்தத் திகதியில் என்ன அனுப்பினோம், என்ன பதில் வந்தது என்று ஒன்றுவிடாமல் எழுதச் சொன்னார். நான் பழைய மெயில் எல்லாம் வைத்திருந்தேன், அது கைகொடுத்தது. வழக்குப் போட்டு ஏழாவது கிழமை, அரசுத் தரப்புச் சட்டத்தரணி எங்களுடையவரோடு கதைத்தார். பிறகு மெடிக்கல் திரும்பச் செய்யச் சொன்னார்கள். பிறகு விசா. கடைசிவரை நீதிபதியை நான் பார்க்கவே இல்லை.

எல்லாருக்கும் இப்படி நடக்கும் என்று சொல்லவில்லை. எனக்கு நடந்தது இது.

---

கோப்புக்கட்டு | 7 ஒக்டோபர் 2024

குடிவரவு வழக்குகள் பார்க்கும் சட்ட அலுவலகம் ஒன்றில் 9 வருடமாக வேலை செய்கிறேன். சட்டத்தரணி இல்லை, கிளார்க். பொதுவாகத்தான் சொல்ல முடியும். உங்கள் கோப்பைப் பார்த்து ஒரு சட்டத்தரணிதான் முடிவு சொல்ல வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இந்த வழக்குக்குப் பெயர் மண்டேமஸ். ‘விசா கொடு’ என்று நீதிபதி உத்தரவிட மாட்டார். ‘இத்தனை நாளுக்குள் முடிவு சொல்’ என்றுதான் உத்தரவிடுவார். முடிவு ஓமாகவும் இருக்கலாம், இல்லை என்றும் இருக்கலாம். எங்களிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் இது தெரியாமல்தான் வருகிறார்கள்.

வழி இதுதான். பெடரல் கோர்ட்டில், குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 72-வது பிரிவின் கீழ் மனுப் போடுவது. நேரே விசாரணைக்குப் போகாது. முதலில் ‘இந்த வழக்கைக் கேட்கலாமா’ என்று ஒரு நீதிபதி கடதாசியை மட்டும் வைத்துப் பார்ப்பார், அதை லீவ் என்பார்கள். லீவ் கிடைத்தால் 30 நாளுக்குப் பிந்தி, 90 நாளுக்குள் விசாரணைத் திகதி கொடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. லீவ் கிடைக்காவிட்டால் மேன்முறையீடு இல்லை, அந்த மனு அதோடு முடிந்தது. ஒரு முடிவை எதிர்த்துப் போடுவதென்றால் 15 நாள், 60 நாள் என்று காலக்கெடு உண்டு. உங்களுக்கு முடிவே வரவில்லை, தாமதம் இன்றும் தொடர்கிறது. ஆகவே அந்தக் கெடு பற்றிப் பயம் வேண்டாம்.

நீதிபதி என்ன பார்ப்பார்? 1998-ல் வந்த கோனில் தீர்ப்பைத்தான் இன்றும் எல்லாரும் எடுத்துக்காட்டுவார்கள். அந்த வேலைக்குச் சாதாரணமாகத் தேவைப்படும் காலத்தைவிட அதிகம் எடுத்திருக்கிறதா? தாமதத்துக்கு விண்ணப்பதாரர் காரணம் இல்லையா? அரசு ஏற்கக்கூடிய விளக்கம் எதையும் தரவில்லையா? மூன்றும் உங்கள் பக்கம் இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருக்கும் துணையை ஸ்பொன்சர் செய்ய 12 மாதம் என்று அரசே ஒரு காலவரை சொல்லியிருக்கிறது, உங்களுக்கு 31 ஆகிவிட்டது. ‘பாதுகாப்பு ஆய்வு முடியவில்லை’ என்று வெறுமனே சொல்வது போதாது, ஏன் முடியவில்லை என்று காட்ட வேண்டும் என்று நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. கோப்பு உண்மையிலேயே சிக்கலானது, வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது என்று அரசு காட்டி வென்ற வழக்குகளும் இருக்கின்றன. அதையும் மறைக்கக் கூடாது.

வழக்குக்கு முன் இரண்டு அலுவல் இருக்கிறது. ஒன்று, ஜீசிஎம்எஸ் குறிப்புகளை, அதாவது உங்கள் விண்ணப்பம் பற்றிக் குடிவரவுத் திணைக்களக் கணினியில் எழுதி வைத்திருப்பதை, எடுங்கள். தகவல் அறியும் சட்டத்தில் 5 டொலர், சட்டப்படி 30 நாள், சில நேரம் கூடும். கோப்பில் யார் எப்போது கை வைத்தார்கள் என்று அதில் இருக்கும். மற்றது, ‘இந்தத் திகதிக்குள் முடிவு சொல்லுங்கள், இல்லையென்றால் நீதிமன்றம் போவேன்’ என்று ஒரு கோரிக்கைக் கடிதம். கேட்காமல் வழக்குப் போட்டால் ‘எங்களை முதலில் கேட்கவே இல்லையே’ என்பார்கள்.

கோபத்தில் நிராகரிப்பார்களா என்று கேட்டீர்கள். 9 வருடத்தில் அப்படி ஒரு கோப்பை நான் காணவில்லை. நிராகரிப்பதென்றால் காரணம் எழுத வேண்டும். வழக்குப் போட்டது காரணமாகாது.

---

பூநகரி_பெடியன் | 8 ஒக்டோபர் 2024

நான் மாற்றுக் கருத்துச் சொல்லப் போகிறேன், கோபிக்க வேண்டாம். என் மச்சான் வழக்குப் போட்டார். இரண்டு மாதத்தில் பதில் வந்தது. கல்யாணம் உண்மையானதல்ல என்று நிராகரிப்பு. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை. பேசாமல் இருந்திருந்தால் ஒருவேளை கிடைத்திருக்கும்.

---

கோப்புக்கட்டு | 8 ஒக்டோபர் 2024

பெடியன், மச்சானுக்கு நடந்தது கவலையான விஷயம். ஆனால் அந்த அதிகாரி கல்யாணத்தை நம்பவில்லை என்றால், வழக்கு இல்லாமலும் அதே முடிவுதான் வந்திருக்கும், இரண்டு வருடம் பிந்தி. அந்த நிராகரிப்புக்கு எதிராக, கடிதம் கிடைத்து 30 நாளுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். கணவனும் மனைவியும் சாட்சி சொல்லலாம், புதிய ஆதாரமும் கொடுக்கலாம். மச்சான் போனாரா? போகவில்லை என்றால் யாரோ பிழையான ஆலோசனை கொடுத்திருக்கிறார்கள். ‘இல்லை’ என்று எழுத்தில் வந்தால் அடுத்த கதவு எது என்று தெரியும். பதிலே வராதவனுக்குத் தட்ட ஒரு கதவும் இல்லை.

வடலி, உங்களுக்கு இதில் ஒரு எச்சரிக்கை. பாதுகாப்புக் காரணத்துக்காக, அதாவது 34-வது பிரிவில் நிராகரித்தால், அந்த மேன்முறையீட்டு உரிமை கிடையாது. 2006 ஏப்ரலில் புலிகளைக் கனடா தடை செய்ததிலிருந்து வன்னியில் இருந்தவர்களின் கோப்புகளில் இந்தப் பிரிவுதான் எப்போதும் தலைக்கு மேலே நிற்கிறது. புலிகளின் உறுப்பினர் என்ற சொல்லுக்கு இங்கே மிக அகலமான அர்த்தம் கொடுக்கிறார்கள். மனைவியோ வீட்டில் யாரோ வற்புறுத்தலில் செய்தது, பிடித்துக்கொண்டு போனது என்று எதுவாக இருந்தாலும் சட்டத்தரணிக்கு முழுவதும் சொல்லுங்கள். இங்கே எழுத வேண்டாம். சட்டத்தரணிக்குச் சொல்வது வெளியே போகாது. அதைக் கேட்டுவிட்டுத்தான் வழக்கா, இல்லையா என்று அவர் சொல்வார்.

---

பூநகரி_பெடியன் | 8 ஒக்டோபர் 2024

போகவில்லை. 30 நாள் என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. பார்த்த ஏஜென்ட் திரும்ப முதலிலிருந்து போடச் சொன்னார்.

---

எடிசன்_வாசி | 9 ஒக்டோபர் 2024

நான் நியூஜெர்சி, சொந்த ஊர் தஞ்சாவூர். ஒரு சின்ன விஷயம் சொல்லிட்டுப் போறேன். யூடியூப்ல மண்டேமஸ்னு தேடினா வர்றது பெரும்பாலும் எங்க ஊர்க் கதை. அமெரிக்காவில் லீவ் என்று ஒரு படியே கிடையாது. டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டில் 405 டாலர் கட்டி நேரடியாகப் போடலாம், பதில் சொல்ல அரசுக்கு 60 நாள். அந்த 60 நாள் கணக்கை கனடாவுக்குப் போட்டுக் குழம்ப வேண்டாம்.

அப்புறம், இங்கேயும் நிலைமை முன்பு போல இல்லை. விசா நேர்காணலில் 221(ஜி) தாளைக் கையில் கொடுத்து ‘நிர்வாகப் பரிசீலனை’ என்று நிறுத்தி வைப்பார்கள் இல்லையா, அது ஏற்கெனவே ஒரு நிராகரிப்புதான், அதற்கு மேல் முடிவெடுக்கும் கடமை அதிகாரிக்கு இல்லை என்று இந்த ஜூலையில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்களுக்குப் பெரிய அடி. உங்கள் ஊரில் அந்தச் சுவர் இன்னும் எழவில்லை. வழி இருக்கும்போதே போங்க அண்ணா.

---

நீர்வேலியான் | 11 ஒக்டோபர் 2024

எல்லாம் சரி. ஒரு கேள்வி யாரும் கேட்கவில்லை. வழக்குப் போட்டவரின் கோப்பு மேலே வந்தால், 4,000 டொலர் இல்லாதவரின் கோப்பு கீழே போகும்தானே? என் தங்கை கணவருக்காக 29 மாதமாகக் காத்திருக்கிறாள். ஃபாக்டரியில் இரவு வேலை. அவளுக்கு முன்னால் காசுள்ளவர்கள் போவது நியாயமா?

---

வெண்பனி | 11 ஒக்டோபர் 2024

இதை நான் நிறைய நாள் யோசித்திருக்கிறேன். நான் போட்டதால் ஒருவருடைய இடம் பறிபோனதோ என்று இன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் நான் பார்த்தவரை அங்கே வரிசை என்று ஒன்று இல்லை. எனக்குப் பிறகு போட்ட மூன்று பேர் எனக்கு முன்பே வந்துவிட்டார்கள், ஒருவரும் வழக்குப் போடவில்லை. என் கோப்பு வரிசையில் நிற்கவில்லை, ஒரு மூலையில் கிடந்தது.

தங்கை தானே போடலாம். சட்டத்தரணி இல்லாமலும் பெடரல் கோர்ட்டில் மனுப் போட அனுமதி உண்டு, படிவம் எல்லாம் நீதிமன்ற இணையத்தளத்தில் இருக்கிறது. 50 டொலர்தான். கஷ்டம்தான், பொய் சொல்ல மாட்டேன். குறிப்புகளையாவது எடுக்கச் சொல்லுங்கள், வாசிக்க நான் உதவுகிறேன்.

---

எடிசன்_வாசி | 11 ஒக்டோபர் 2024

நீர்வேலியான் கேட்டது சும்மா கேள்வி இல்லை. எங்க கோர்ட்டுகள் இதையேதான் கேட்கின்றன. 1984-ல் வந்த ஒரு தீர்ப்பை வைத்து ஆறு விஷயம் பார்ப்பார்கள், அதில் ஒன்று இதுதான்: இவரை முன்னே விட்டால் மற்றவர்களை வெறுமனே பின்னே தள்ளுகிறோமா? இதைக் காரணமாகச் சொல்லியே நிறைய வழக்குகளைத் தள்ளியிருக்கிறார்கள்.

---

வடலி_79 | 19 நவம்பர் 2024

எல்லாருக்கும் நன்றி. குறிப்புகள் வந்துவிட்டன. 47 பக்கம். நடுவில் வெள்ளையாக அழித்த இடங்கள், பக்கத்தில் 15(1), 16(1) என்று பிரிவு இலக்கம் மட்டும். ஆனால் மற்றது தெளிவாக இருக்கிறது. தகுதி: சரி. குற்றப் பதிவு: சரி. மெடிக்கல்: காலாவதி. பாதுகாப்பு: நடைபெறுகிறது.

மனைவி கொப்பித் தாளில் எழுதியதை நாங்கள் அனுப்பியது 2023 ஜூன் 9. அது கிடைத்தது என்று ஜூன் 12-ல் ஒரு வரி. அதற்குப் பிறகு இருப்பதெல்லாம் என் 11 கேள்விகளும், அவற்றுக்குப் போன பதில்களும்தான். அந்த வரியை எத்தனை தரம் வாசித்தேனோ தெரியாது.

கோரிக்கைக் கடிதம் ஒக்டோபர் 24-ல் அனுப்பினேன், 30 நாள் கொடுத்து. இதுவரை பதில் இல்லை. எங்கள் விண்ணப்பத்தை நிரப்பிய கன்சல்டன்ட் தானே வழக்கும் போட்டுத் தருவதாகச் சொல்கிறார், 2,000 டொலருக்கு. போகலாமா?

---

கோப்புக்கட்டு | 19 நவம்பர் 2024

வேண்டவே வேண்டாம். பெடரல் கோர்ட்டில் உங்களுக்காக நிற்க ஆலோசகர்களுக்கு அனுமதி இல்லை, லைசென்ஸ் இருந்தாலும் சரி. ஒன்று நீங்களே நிற்க வேண்டும், இல்லையென்றால் சட்டத்தரணி. அவர் எழுதித் தந்து உங்களைக் கையெழுத்து மட்டும் வைக்கச் சொன்னால் இன்னும் மோசம், பிழை வந்தால் பொறுப்பு உங்கள் தலையில்.

சட்டத்தரணியிடம் போகும்போதும் கேளுங்கள்: இந்தக் கட்டணம் லீவ் வரைக்குமா, விசாரணைக்கும் சேர்த்தா? பல இடத்தில் இரண்டு தவணை. வென்றாலும் அந்தக் காசு திரும்ப வராது. குடிவரவு வழக்குகளில் விசேட காரணம் இருந்தால் தவிரச் செலவுத்தொகை கொடுக்க மாட்டார்கள். நல்ல பக்கம் என்னவென்றால், தோற்றாலும் பொதுவாக அரசின் செலவை நீங்கள் கட்டத் தேவையில்லை.

ஜூன் 12 என்ற அந்தப் பக்கத்துக்கு அடையாளம் வைத்துக்கொண்டு போங்கள். உங்கள் வழக்கே அந்தப் பக்கம்தான்.

---

மார்க்கம்_அக்கா | 20 நவம்பர் 2024

தம்பி, 12-ந் திகதிக்குப் பிறகு ஒன்றுமே நடக்கவில்லையா? 17 மாதமா? நான் பொறுமையாக இருக்கச் சொன்னது, யாரோ அங்கே வேலை செய்துகொண்டிருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில். போடுங்கள்.

---

வடலி_79 | 14 டிசெம்பர் 2024

நேற்று மனுப் பதிவாகிவிட்டது. விண்ணப்பதாரர்களாக மனைவியும் நானும், எதிர்த்தரப்பு அமைச்சர். அமைச்சருக்கு எதிராக எங்கள் பெயர் அச்சில் இருப்பதைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது. மனைவிக்கு அனுப்பினேன். ‘எங்கள் பெயரைச் சரியாக எழுதியிருக்கிறார்கள்’ என்றாள். இத்தனை வருடத்தில் வந்த கடிதங்களில் பாதியில் அவள் தகப்பன் பெயரும் அவள் பெயரும் மாறித்தான் இருக்கும்.

இனி 10 நாளுக்குள், வழக்கில் தோன்றுவதாக அரசுத் தரப்பு பதிய வேண்டுமாம். எங்கள் ஆவணங்களைக் கொடுக்கவும் ஒரு கெடு உண்டு. சட்டத்தரணியிடம் எல்லாம் சொன்னோம், மனைவி வீடியோவில் இரண்டு மணித்தியாலம் கதைத்தாள். என்ன கதைத்தாள் என்று இங்கே எழுத மாட்டேன். பயப்பட ஒன்றும் இல்லை என்று அவர் சொன்னார்.

---

வெண்பனி | 14 டிசெம்பர் 2024

ஒரு விஷயம் மறந்துவிடாதீர்கள். ‘வழக்கை வாபஸ் வாங்குங்கள், இத்தனை நாளில் முடிவு தருகிறோம்’ என்று கேட்டால், நாள் கணக்கை எழுத்தில் வாங்கிய பிறகுதான் வாபஸ். வாய்ப் பேச்சை நம்ப வேண்டாம். என் சட்டத்தரணி அதில் சரியான கண்டிப்பு.

---

வடலி_79 | 27 பெப்ரவரி 2025

இரண்டு விஷயம் நடந்திருக்கிறது. அரசுத் தரப்புச் சட்டத்தரணி போன கிழமை எழுதியிருக்கிறார். வழக்கை வாபஸ் வாங்கினால், புது மெடிக்கல் வந்து 90 நாளுக்குள் முடிவு தருவார்களாம். எங்களுடையவர் வெண்பனி அக்கா சொன்னதையே சொன்னார், எழுத்தில் கையெழுத்தோடு வரும்வரை பொறுப்போம் என்று. அது நேற்று வந்தது.

இன்று காலை மெடிக்கலுக்கான கடிதமும் வந்தது. மனைவிக்கு அங்கே இரவு. எழுப்பிச் சொன்னேன். கொழும்புக்கு எப்போது போக வேண்டும், பிள்ளையை விட்டுவிட்டா கூட்டிக்கொண்டா என்று கேட்டாள். பிறகு, அந்தக் கொப்பித் தாள்களையும் கொண்டுபோகவா என்றாள். மெடிக்கலுக்கு அது தேவையில்லை என்று எனக்குத் தெரியும். கொண்டு போ என்றேன்.

---

மார்க்கம்_அக்கா | 27 பெப்ரவரி 2025

வெள்ளவத்தையில் எங்கள் சித்தி தனியாகத்தான் இருக்கிறா. பிள்ளையோடு இரவு பஸ்ஸில் வந்து இறங்கினால் நேரே அங்கே போய்க் குளித்துச் சாப்பிட்டுவிட்டு மெடிக்கலுக்குப் போகலாம். லொட்ஜ் ஒன்றும் எடுக்க வேண்டாம். தனிமடலில் திகதியைப் போடுங்கள், நான் சித்தியோடு கதைக்கிறேன்.